கடல் தெரியுற ரூமு

அந்த வருசம் மிளகாய்க்கு நல்ல விலை கிடைத்தது. முதுகுளத்தூர்ச் சந்தையிலிருந்து வெறும் வண்டியோடு திரும்பிய செல்லச்சாமி, மாட்டை அவிழ்த்துக் கட்டிய கையோடு அடுப்படிக்கு வந்து, "ஏ புள்ள, ஒனக்கு என்ன வேணும்? கேளு" என்றான். சேலை கேட்பாள், இல்லாவிட்டால் தோடு கேட்பாள் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான்.

பூமயில் உலையைக் கிளறிக்கொண்டே, "ராமேஸ்வரம் போவோம். நீங்களும் நானும் மட்டும். ஒரு ரூமு எடுத்துத் தங்கணும்" என்றாள்.

செல்லச்சாமி சட்டென்று திரும்பிப் பார்த்தான். யாராவது கேட்டுவிட்டார்களா என்ற பயம் அவனுக்கு. அந்த வீட்டில் பயப்படாமல் இருக்க முடியாது. அண்ணன் தம்பி மூன்று பேர் குடும்பமும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இருவருக்கும் வாய்த்த இடம், நெல் கொட்டிவைக்கும் குலுக்கைக்குப் பின்னால் பழைய சேலை ஒன்றைக் கட்டி மறைத்த மூலை. அங்கே இருமினால் நாலு பேர் எழுந்து தண்ணீர் கொண்டுவருவார்கள். இரண்டு பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போகிற வயசாகியும் புருசனும் பெண்டாட்டியும் குசுகுசுவென்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைகளைப் பூமயிலின் அம்மா வீட்டில் விட்டுவிட்டு ஒரு பங்குனி நாளில் கிளம்பினார்கள். ராமநாதபுரத்தில் ரயில் ஏறி, பாம்பன் பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்து போகும்போது பூமயில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தேவிபட்டினத்தில் யாருக்கோ காரியம் செய்யப் போனபோது கடலை ஒருமுறை பார்த்திருக்கிறாள். அன்றைக்குக் கூட்டத்தில் முங்கி எழுந்ததோடு சரி. இப்படிக் காலுக்குக் கீழே இரண்டு பக்கமும் கடல் விரிந்து கிடந்து பார்த்ததில்லை.

இதுதான் சமயம் என்று செல்லச்சாமி தொண்டையைச் செருமினான். "சின்னம்மாவும் நம்மூரு ஆளுகளும் நேத்தே வந்துட்டாக. சத்திரத்துல எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்னு சொன்னாக. நானும் தலையாட்டிட்டேன்."

சின்னம்மா என்றால் வீரலட்சுமி. அவன் அம்மாவின் தங்கை. அவள் ஒரு காரியம் சொன்னால் ஊரில் ஆம்பிளைகளும் மறுபேச்சுப் பேசுவதில்லை.

பூமயில் கடலிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "என்ன சொன்னாக?"

"பூமயிலு வந்தா சோறாக்க ஒரு கை கூடன்னு சொன்னாக."

"அவுக இருக்கட்டும். நாம வேற எடம் பாப்போம்."

ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு ஜட்கா வண்டிக்காரரைப் பிடித்தார்கள். அவர் முதலில் புதிதாகக் கட்டிய லாட்ஜுக்குக் கொண்டுபோனார். பெயிண்ட் வாசம் போகாத கட்டடம். அறையில் மின்சார விசிறியும் ஆளுயரக் கண்ணாடியும் இருந்தன. செல்லச்சாமி விசிறியைப் போடச் சொல்லி, அதன் கீழே நின்று சட்டையைத் தூக்கிக் காற்று வாங்கினான். பூமயில் ஜன்னலைத் திறந்தாள். கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் நின்றது.

"ரூமு நல்லா இருக்குல்ல?" என்றான் செல்லச்சாமி.

"செவத்தப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தோம்?"

அடுத்தது கோயில் வீதியில் ஒரு வீடு. வாடகை குறைவுதான். ஆனால் ஒரே கூடத்தில் கோடு போட்டது மாதிரி பாய்கள் விரித்துக் கிடந்தன. பூமயில் வாசலோடு திரும்பினாள். வண்டிக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆத்தா மனசுல என்ன இருக்குன்னு இப்பப் புரியுது. சங்கு யாவாரி கபீர் பாய் வீட்டு மேல்மாடி ஒண்ணு இருக்கு. ஆனா கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கும்" என்றார்.

ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. கீழே சங்கு மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கி. உப்பும் கவிச்சியும் கலந்த வாசம். மேலே போகும் படிக்கட்டு ஏணிபோல் செங்குத்தாக நின்றது. ஆனால் மேலே ஏறிய பூமயில் கதவைத் தள்ளியதும் அப்படியே நின்றுவிட்டாள். பச்சை அடித்த மரக்கதவு போட்ட மூன்று ஜன்னல்கள். மூன்றிலும் கடல். அறையின் நடுவில் தேர் மாதிரி உயரமாக ஒரு கட்டில். சுவரில் ஏதோ கொழும்புக் கடையின் பழைய காலண்டர்.

"இலங்கைக்குப் போற யாவாரிங்க தோணிக்குக் காத்துக் கெடக்குற எடம் இது" என்றார் அகமது கபீர். நரைத்த தாடியும் வாய் நிறைய வெற்றிலையுமாக இருந்தார். "இப்பப் பாஸ்போட்டு, விசான்னு வந்துருச்சா, ஒருத்தரும் வாரதில்ல. சும்மாதான் கெடக்கு."

செல்லச்சாமி கையிலிருந்த தூக்குச்சட்டியின் மூடியைத் தவறவிட்டான். அது தரையில் விழுந்து, நிற்காமல், தானாக உருண்டு ஜன்னல் சுவரில் முட்டியது.

"பாய், தரை சாஞ்சுல்ல கெடக்கு!" என்றான்.

"அதுக்குத்தானே லாட்ஜு வாடகையில பாதி கேக்குறேன்."

"சாஞ்சது கடலுப் பக்கந்தான? பரவால்ல. இதுவே இருக்கட்டும்" என்றாள் பூமயில்.

கபீரின் மனைவி காலிதா படியில் பாதி ஏறி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "கோயிலுக்கு வந்தவுக, ஒண்ணும் சங்கடப்படாதீக தங்கச்சி. புதுப் பானை தாரேன். மேலேயே நீங்க பாட்டுக்குப் பொங்கிக்கங்க" என்றாள்.

மறுநாள் காலையில் கோயிலுக்குள் தீர்த்தக் கிணறுகளில் ஒவ்வொன்றாகக் குளித்துக்கொண்டு வந்தபோது, ஒரு கிணற்றடியில் வீரலட்சுமி நேருக்கு நேராக வந்து நின்றாள். சொட்டச் சொட்ட நனைந்திருந்தாலும் அவள் குரலில் ஈரமில்லை.

"ஏலே, ராத்திரி எங்கன தங்குனீக?"

"அது வந்து சின்னம்மா... ரயிலு லேட்டு..." செல்லச்சாமி பல் தந்தியடித்தது. அது தண்ணீரின் குளிரால் மட்டுமில்லை.

பூமயில் முன்னால் வந்தாள். "நாந்தான் வேற எடம் பாக்கச் சொன்னேன், சின்னத்தை."

"ஏன்டி? சத்திரத்துல நாங்கள்லாம் இல்லையா?"

"இருக்கீக. நெறையா இருக்கீக. அதான்."

வாளித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர்கூடக் கையை நிறுத்திவிட்டு வீரலட்சுமி முகத்தைப் பார்த்தார். அவள் முந்தானையைப் பிழிந்து உதறினாள். "வா. அந்த எடத்தக் காட்டு."

சங்குக் கிட்டங்கியைத் தாண்டும்போது மூக்கைப் பொத்தினாள். படியேறும்போது அந்தப் படியைக் கட்டியவனையும் ஏறச் சொன்னவளையும் சேர்த்துத் திட்டினாள். அறைக்குள் வந்து தரையின் சாய்வைக் காலால் அழுத்திப் பார்த்தாள். "கட்டிலாடி இது? ஏறுறதுக்கு இன்னொரு ஏணி வேணும்" என்று சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள். மூன்று ஜன்னல் வழியாகவும் காற்று மொத்தமாக அவள் மேல் வந்து விழுந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தவள், சும்மா சாய்ந்துதான் பார்ப்போமே என்பதுபோலச் சாய்ந்தாள். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

செல்லச்சாமி எழுப்பப் போனான். பூமயில் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "அந்தச் சத்திரத்துச் சத்தத்துல அவுக கண்ணு மூடியிருக்க மாட்டாக. தூங்கட்டும்."

வாடகை கொடுத்தவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். காலிதா நன்னாரி சர்பத் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மேலே குறட்டையைக் கேட்டு முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். வெயில் தாழ்ந்த பிறகுதான் வீரலட்சுமி விழித்தாள். இருவரும் மெல்ல எட்டிப் பார்த்தபோது அவள் ஜன்னல் கட்டையில் முழங்கையை ஊன்றி, கரைக்குத் திரும்பும் பாய்மரத் தோணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பூமயில் அவளை இவ்வளவு சத்தமில்லாமல் பார்த்தது அன்றுதான்.

"ஒங்க சின்னய்யா உசுரோட இருந்தப்ப இப்படி ஒரு எடம் இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலியே" என்றாள், திரும்பாமலே.

வீரலட்சுமி கொண்டையை அவிழ்த்து இறுக்கி முடிந்தாள். பழைய குரல் திரும்பிவிட்டது. "சத்திரத்துல கேப்பாளுக. சங்குக் கவிச்சி கொடலப் பொரட்டுது, பூனைப் பருமனுக்கு எலி ஓடுது, ஒருத்தியும் அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதீகன்னு சொல்லிப்புடுறேன். இல்லாட்டி அம்புட்டுப் பேரும் மூட்டையத் தூக்கிட்டு இங்கன வந்துருவாளுக." படியிறங்கப் போனவள் நின்று, பூமயிலின் கன்னத்தைக் கிள்ளினாள். வலித்தது. "நாளைக்கும் இங்கனேயே இருங்க. சோறாக்க அங்க ஆளு இருக்கு."

அவள் போன பிறகு செல்லச்சாமி ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தான். வழக்கம்போல் தணிந்த குரலில் ஆரம்பித்தான். பிறகு, கேட்க இங்கே யாருமில்லை என்பது நினைவுக்கு வந்தவன்போல் குரலை உயர்த்தினான். சின்ன வயதில் கண்மாயில் முதலை வந்துவிட்டது என்று கூவி ஊரையே கம்போடு ஓடவைத்ததைச் சொன்னான். பனைமரத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் அழுததைச் சொன்னான். சொல்லும்போதே தொடையைத் தட்டிச் சிரித்தான். இத்தனை வருசமாக அவன் சிரித்து அவள் பார்த்திருக்கிறாள்; இவ்வளவு சத்தமாகச் சிரித்துக் கேட்டதில்லை.

"ஏங்க," என்றாள் பூமயில், "அந்த மொதலைக்கு அப்பறம் என்னாச்சு?"

"எங்க புள்ள மொதல? அது மெதந்து வந்த பனங்கட்டை!"

கீழே கிட்டங்கியில் சங்கு எண்ணிக்கொண்டிருந்த கபீர் பாய், மேலே எழுந்த சிரிப்பில் எண்ணிக்கை தவறி மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.