முதல் கொட்டாங்குச்சி

சேர்வராயன் மலையில், தலைச்சோலை வெள்ளையன் வீட்டுக் கஞ்சி என்றால் ஒண்டிக்கடை முக்கு வரைக்கும் பேர். காய்ச்சின சாராயமல்ல அது. முளைகட்டிய தானியத்தை இடித்துக் கூழாக்கிப் பானையில் புளிக்கவைப்பது. சேலத்துக்காரர்கள் குடித்துப் பார்த்துவிட்டு, பீரெல்லாம் இதன் கால்தூசுக்கு வராது என்பார்கள். சாராயக் கடைகளை அரசாங்கம் இழுத்து மூடியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமையானால் அவன் வாசலில் செருப்பு நிறைந்து கிடந்தது.

ஆனால் எவனும் சும்மா குடித்துவிடமாட்டான். முன்பு ஒருமுறை கீழே ஒரு எஸ்டேட்டில் எவனோ போதைக்காக எதையோ கலந்து விற்று, இரண்டு பேர் செத்துப்போனார்கள். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. ஒவ்வொரு பானையிலும் முதல் கொட்டாங்குச்சியை அந்த வீட்டுப் பெண் குடித்துக் காட்ட வேண்டும். அதிலும் கர்ப்பிணி குடித்தால் மறுபேச்சே இல்லை. தன் வாரிசுக்கு எவனாவது விஷம் வைப்பானா என்பது ஆம்பிளைகளின் கணக்கு.

வெள்ளையன் பெண்டாட்டி அத்தாயி அப்படிக் குடித்துக் குடித்துத்தான் போன பிள்ளையைப் பறிகொடுத்தாள். ஒன்பதாம் மாசம், அசைவில்லாமல் பிறந்தது. சாமி கோபம் என்றாள் மாமியார். நர்சம்மா மட்டும், அடுத்தது வயிற்றில் தங்கினால் அந்தக் கருமத்தைத் தொடாதே என்று அடித்துச் சொன்னாள். இப்போது ஏழாம் மாசம். அத்தாயி வெள்ளையனிடம் சொல்லிப் பார்த்தாள். ஒரு வாய் கஞ்சிக்குப் பிள்ளை சாகுமென்றால் இந்த மலையில் ஒரு பிள்ளையும் இருக்காது என்றான்.

அந்த ஞாயிறு, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஏசுராஜ், மாதா கோயில் பூசை முடிந்த கையோடு சேலத்துச் சம்பந்தி வீட்டாரைக் கூட்டிவந்தார். மகள் கல்யாணத்துக்குக் கஞ்சியை மொத்தமாக எடுப்பதாகப் பேச்சு. வெள்ளையன் மூன்று பானைகளை வைத்தான். ராகி, சாமை, பலாப்பழம் போட்டது.

முதல் பானையில் மொண்டு நீட்டினான். அத்தாயி குடித்தாள். புளிப்பு நெஞ்சைக் கரித்தது. வந்தவர்களும் குடித்துச் சப்புக்கொட்டினார்கள். சாமையையும் குடித்தாள். பிள்ளை ஒரு உதை விட்டது. பிறகு அடங்கியது. அது அடங்கிய விதம், போன பிள்ளையில் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த விதம்.

பலாப்பழப் பானைக்கு அவள் கையை நீட்டவில்லை.

"குடி கண்ணு, உன்னைய நம்பித்தான் வந்திருக்கறோம்," என்றார் ஏசுராஜ் சிரித்துக்கொண்டே. "வவுத்துப் புள்ளக்காரிக்கு மிஞ்சின சர்டிபிகேட் எது?"

அத்தாயி வாங்கி ஒரு வாய் வைத்தாள். விழுங்கவில்லை. அவர் காலடியில் துப்பினாள்.

"குடிக்காதீங்க. என்னமோ கலந்திருக்குதுங்க."

பொய். அந்த வீட்டில் அவளுடைய சொல்லுக்கு மதிப்பில்லை. நாக்குக்கு மட்டும் இருந்தது. அந்த மதிப்பை அன்று ஒரே பொய்யில் செலவழித்தாள்.

சம்பந்திகள் தொண்டைக்குள் விரலை விட்டுக்கொண்டே சரிவில் இறங்கி ஓடினார்கள். வெள்ளையன் ரைட்டர் காலைப் பிடித்தான். சேர்வராயன் சாமி மேல் சத்தியம் செய்தான். பானையைத் தூக்கி மடமடவென்று தானே குடித்தும் காட்டினான். ஆம்பிளை குடித்தால் எவன் நம்புவான்? வழக்கம் அவர்கள் போட்டதுதானே.

எல்லாரும் போனதும் அவள் முடியைப் பிடித்தான்.

"நான் ஒண்ணும் போடலீன்னு உனக்குத் தெரியாதாடி?"

"தெரியும்."

"பொறவு எதுக்குச் சொன்னே? இனி ஒரு நாயும் இந்த வாசல மிதிக்காது."

"அதுக்குத்தான் சொன்னேன்."

அடித்தான். அவள் வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு முதுகைக் காட்டினாள். மாமியார் தடுக்கவில்லை, மகன் நிஜமாகவே எதையாவது போட்டுவிட்டானோ என்று பானையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை ஓய்ந்து அவன் வெளியே போனபின் அத்தாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். இனி குடிக்க வேண்டியதில்லை. உள்ளங்கையால் வயிற்றை அழுத்தினாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். வெயில் காபிச் செடிகளைத் தாண்டி இறங்கிவிட்டது. பிள்ளை இன்னும் உதைக்கவில்லை.