தொப்பிக்குள் கை

ரயில் வளைவில் திரும்பியதும் நினியன்தான் முதலில் பார்த்தான். நடைமேடையில் சுரங்கச் சங்கத்தின் பட்டுக்கொடி நின்றது. அதன் கீழே ஊர் வாத்தியக்குழு.

"டேய், கொடியையே தூக்கிட்டு வந்துட்டாங்கடா! எந்திரிங்க. தலையச் சீவுங்க."

பதினோரு பேரும் ஒரே சன்னலுக்கு முட்டிக்கொண்டார்கள். இத்தாலியிலிருந்து மாட்டிக்கொண்டு வந்த கோட்டுகள் கசங்கி, புகை வாடை அடித்தன. நினியன் அணித்தலைவன். தலையணை உறையிலிருந்து கோப்பையை உருவி, சன்னலுக்கு வெளியே இரண்டு கைகளாலும் உயர்த்திப் பிடித்தான். பெரிய ஊர்களின் பெரிய கிளப்புகள் வந்த கால்பந்துப் போட்டி. கூலி வாங்காமல் ஆடுகிற, நிலக்கரி வெட்டுகிறவர்களின் கிளப் ஒன்று ஜெயித்திருந்தது.

"கத்பர்ட் இன்னிக்கு டிரம்மைக் கிழிச்சிடுவான் பாரு" என்றான் ஒருவன்.

எட்மண்ட் சிரித்தான். கோட்டுப் பைக்குள் கை தானாகப் போனது. எலுமிச்சம்பழம் இருந்தது. இரண்டு இலைகளும் இன்னும் காம்போடு இருந்தன. தூரின் நகரில் தங்கிய விடுதியின் முற்றத்தில் தொட்டியில் நின்ற செடியிலிருந்து, விடுதிக்காரியிடம் சைகையில் கேட்டுப் பறித்தது. இந்தக் குளிர் ஊரில் எலுமிச்சை விளையாது. கத்பர்ட் சொல்லி அனுப்பியிருந்தான். "பழத்தை யாரு வேணா கொண்டாருவான். நீ இலையோட கொண்டா. அது நெசமாவே மரத்துலதான் காய்க்குதான்னு நான் பாக்கணும்."

கத்பர்ட் அவனுடைய கூட்டாளி. குழிக்குள் ஒரே இடத்தில் இருவர் வெட்டுவார்கள். எந்த இடம் யாருக்கு என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். ஜோடிக்கு ஒருவன் தொப்பிக்குள் கைவிட வேண்டும். கத்பர்ட் ஒருமுறைகூட விட்டதில்லை. "பந்து புடிக்கிற கை நல்ல இடத்தைப் புடிக்காதா? உன் கை ராசியான கை, மாப்ள" என்பான். எட்மண்ட் கோல் காப்பவன். பெரும்பாலும் நல்ல இடமாகத்தான் எடுத்தான்.

இந்த வசந்தத்தில் எடுத்தது வடக்குப் பக்கத்துச் சீட்டு. கூரை முனகுகிற இடம். எட்மண்டின் முகம் தொங்கிவிட்டது. கத்பர்ட் அவன் முதுகில் அறைந்தான்.

"போனாப் போவுது, மூணு மாசம்தானே. நீ போய் ஆடிட்டு வா. உன் இடத்துக்கு ஆள் போட்டுக்கறேன். கூரைகிட்ட நான் பேசிக்கறேன்."

இப்போது வாத்தியம் காதில் விழுந்தது. மெதுவான தேவாலயப் பாட்டு.

"வரவேற்புக்கு இவனுங்களுக்கு வேற பாட்டே கெடைக்கலையா?" என்றான் நினியன். கோப்பையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினான்.

ரயில் வேகம் குறைந்தது. காற்றில் கொடி ஒருமுறை மடங்கித் திரும்பியது. அதன் உச்சியில் கறுப்புத் துணி கட்டியிருந்தது.

குழி காவு வாங்கினால்தான் அந்தத் துணியைக் கட்டுவார்கள்.

"நினியா" என்றான் எட்மண்ட். "கோப்பையை இறக்கு."

ஒவ்வொருவன் கண்ணும் நடைமேடையில் தன்னுடைய முகங்களைத் தேடியது. எட்மண்டின் மனைவி நின்றாள். அப்பா நின்றார். தம்பி நின்றான். அவனுக்கு மூச்சு வந்தது. பிறகு டிரம்மைப் பார்த்தான். அதை வேறொருவன் மாட்டியிருந்தான். வார் அவனுக்குப் பெரிதாக இருந்தது.

சங்கச் செயலாளர் ஆம்ப்ரோஸ் பெட்டிக் கதவைத் திறந்தார். எட்மண்டைப் பார்த்துத்தான் பேசினார்.

"நீங்க கடைசி ஆட்டம் ஆடுன அன்னிக்குப்பா. கூரை இறங்கிடுச்சு. கூட இருந்தவன் கால் ஒடிஞ்சு தப்பிச்சுட்டான். தந்தி அடிக்கலாம்னோம். கத்பர்ட் பொண்டாட்டி டோர்கஸ்தான் வேணாம்னுட்டா. ஆடட்டும்னு சொன்னா. நீ வந்துதான் தூக்கணும்னு வெச்சிருக்கோம்."

குழியில் ஒருவன் செத்தால் மற்றவர்கள் கருவியைப் போட்டுவிட்டு மேலே ஏறிவிடுவார்கள். அன்று யாரும் வெட்டமாட்டார்கள். ஊர் மொத்தமும் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த நேரத்தில் அவன் ஒரு பந்துக்காக இடப்பக்கம் பாய்ந்துகொண்டிருந்தான். நல்ல பிடி. பார்த்தவர்கள் எழுந்து நின்று கத்தினார்கள்.

டோர்கஸ் தன் வீட்டு முன்னறையில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தாள். மூடியை ஆணி அடித்து மூடியிருந்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

"ஜெயிச்சீங்களாமே."

"ஆமா."

"கோல் விட்டியா?"

"இல்ல."

"அவர் அதைத்தான் சொல்லிட்டிருந்தாரு. எட்மண்டு விடமாட்டான்னு."

அவன் பைக்குள்ளிருந்து பழத்தை எடுத்தான். இலையில் ஒன்று ரயிலிலிருந்து இறங்கும்போது உதிர்ந்திருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது. அவள் அதை வாங்கி, இலையை விரலால் நீவினாள். முகர்ந்தாள். பெட்டி மேல் வைப்பாள் என்று நினைத்தான். அவள் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"மரத்துலயா காய்க்குது?"

"செடி. தொட்டியில வெச்சிருந்தாங்க."

"தொட்டியிலயா" என்றாள். சிரிப்பு போல ஏதோ வந்து போனது. "கேட்டிருந்தா நம்பியிருக்க மாட்டாரு."

பிறகு அவன் கைகளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். தூக்குகிற நேரம் வந்ததும்தான் எடுத்தான்.

கோடையில் மறுபடி சீட்டுக் குலுக்கினார்கள். சங்கக் கூடத்தின் வாசலில் எல்லாரும் கூடியிருந்தார்கள். கோப்பை உள்ளே அலமாரியில் இருந்தது. எட்மண்டுக்குப் புதுக் கூட்டாளி அமைந்திருந்தான். ஆஸ்வின் என்று பேர், மூன்று பிள்ளைக்காரன், வேறு குழியிலிருந்து வந்தவன்.

"நீ எடு" என்றான் எட்மண்ட்.

"நானா? நல்லாச் சொன்ன போ. இத்தாலிக்காரனே உன்கிட்ட ஒண்ணும் போட முடியல. எடுய்யா."

பின்னாலிருந்து இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு அவர்களுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

ஆம்ப்ரோஸ் தொப்பியை நீட்டிக்கொண்டு நின்றார். அவர் எட்மண்டின் முகத்தைப் பார்க்கவில்லை. எட்மண்ட் கையை உள்ளே விட்டான். மடித்த சீட்டுகள் விரல்களில் உரசின. எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. ஆஸ்வின் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். வரிசையில் அடுத்தவன் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றான். யாரோ இருமினார்கள். தொப்பிக்குள் கை விரிந்தபடியே இருந்தது.