மகனுக்கென்று வைத்த மீன்

கஹ்லா ஆற்றங்கரையில் ஹாஜி லாசிம் எதையாவது பார்த்து, "இது என் மகன் முஹன்னதுக்கு" என்று சொல்லிவிட்டால், அது அந்த நிமிடத்தோடு நின்றுவிடும். அவர் தோட்டத்து மாதுளையில் ஒரு காய் மூன்று வருடமாகப் பச்சையாகவே தொங்கியது. மகன் கல்யாண விருந்துக்கென்று அவர் சொல்லிவைத்த கன்று ஐந்து வருடமாகக் கன்றாகவே இருந்து, மடியை முட்டி முட்டித் தாய்ப்பசுவை எலும்பும் தோலுமாக்கிவிட்டது. ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் வாசலைத் தாண்டும்போது பழக்கூடையைத் துணியால் மூடிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான்.

அவருடைய தம்பி ஜாசிபின் மகள் இப்திஹாலும் அப்படித்தான் நின்றுபோனாள். பெரியப்பா மகன் ஒரு பெண்ணைத் தனக்கென்று தடுத்துவைத்துவிட்டால் வேறு எவனும் பெண் கேட்டு அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். நீர்ப்பாசனத் துறைப் பொறியாளன் ஒருவன் அவளைக் கேட்டு வந்த அன்று, லாசிம் கையிலிருந்த தேநீரைக்கூடக் கீழே வைக்காமல், "இவள் என் மகன் முஹன்னதுக்கு" என்று அந்த வார்த்தையைச் சொன்னார். அவளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. உயிரியல் பட்டம் வாங்கியிருந்தாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரியை முடித்த முதல் ஆள். அன்றிலிருந்து அவளுக்கு நகம் வளரவில்லை. முடி தோளைத் தாண்டவில்லை. ஞானப்பல் ஒன்று பாதி முளைத்த நிலையில் நின்று, நான்கு வருடமாக வலது கடைவாயில் வலித்துக்கொண்டிருந்தது. அவளிடம் மாலையில் டியூஷன் படித்த பள்ளிப் பெண்கள் அவள் வயதை எட்டிப்பிடித்தார்கள். முகத்துக்கு என்ன போடுகிறாய் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்டபோது, "எங்க பெரியப்பா வாய்தான், வேணும்னா உங்களுக்கும் அனுப்பறேன்" என்றாள். பஸ்ராவில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்து இரண்டு தடவை வேனில் ஏறினாள். இரண்டு தடவையும் அவள் இறங்கும்வரை இஞ்சின் உயிர்பெறவில்லை. ஓட்டுநர்கள் அவளைத் திட்டவில்லை. மரியாதையாகக் கதவைத் திறந்துவிட்டார்கள். அந்த மரியாதைதான் அவளுக்குத் தாங்கவில்லை. பொறியாளன் வேறொருத்தியைக் கட்டி இரண்டு பிள்ளைகள் பெற்றுவிட்டான், அதைப்பற்றி அவளுக்குக் கவலையில்லை. பஸ்ராவுக்குப் போக வேண்டும், அவ்வளவே.

அப்பா ஜாசிப் எதையும் கேட்கவில்லை. அண்ணன் முன்னால் அவர் தூண்டில் தக்கை மாதிரி. ஆடுவார், முங்கமாட்டார்.

வருடா வருடம் மார்ச் மாத நவ்ரோஸ் விடுமுறையில் இரண்டு குடும்பமும் சேர்ந்து மீன் பிடிக்கப் போவது உண்டு. அந்த வருடமும் போனார்கள். வெயில் இன்னும் சுடத் தொடங்காத நாள். நாணல் புதுக்குருத்து விட்டிருந்தது. எருமைகள் மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு ஆற்றில் கிடந்தன. அம்மா நஜாத் பாய் விரித்தாள், பெரியம்மா பத்ரியா கெட்டிலை ஏற்றினாள், ஆண்கள் தூண்டில் போட்டுவிட்டு மீனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள். இப்திஹால் தள்ளி உட்கார்ந்து, மாவோடு பேரீச்சம்பழத்தைப் பிசைந்து கொக்கியில் குத்தி, யாரோடும் பேசாமல் ஏழு கிலோ புன்னி மீன் ஒன்றை இழுத்துப் போட்டாள். அன்றைக்குக் கரையேறிய ஒரே மீன் அது. ஜாசிப் அதை முதுகுப் பக்கம் கீறி, புத்தகம் மாதிரி விரித்து, உப்பும் புளியும் தடவி, குச்சிகளில் மாட்டி நெருப்புக்கு எதிரே நிறுத்தினார். லாசிம் அதன் அகலத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுப்போனார். "தலை முஹன்னதுக்கு. வயிறும் அவனுக்கு. ஏன், முழுசுமே என் மகன் முஹன்னதுக்குத்தான்!"

அப்போது காலை பதினொரு மணி. இரண்டு மணிக்கும் மீன் பச்சையாகவே நின்றது. அதே நெருப்பில் மூன்று கெட்டில் தேநீர் கொதித்தது, ரொட்டி கருகியது, லாசிமின் விரல் சுட்டது. மீனின் வால் நுனியில் இருந்த ஒரு சொட்டுத் தண்ணீர் மட்டும் காயவில்லை. மாங்காய் ஊறுகாயைத் தொட்டு வெறும் ரொட்டியைத் தின்றார்கள்.

"சொன்னதைத் திரும்ப எடுத்துக்கோங்க ஹாஜி, பசி உசிரு போகுது" என்றாள் பத்ரியா.

"நான் சொன்னா சொன்னதுதான்."

"அப்ப அந்தச் சொல்லையே ரெண்டு ரொட்டியில வெச்சுத் தின்னுங்க."

மூன்று மணிக்கு முஹன்னத் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். அமாராவில் அவன் போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். விடுமுறை நாளிலும் ஆட்கள் விடவில்லை. நெருப்பைப் பார்த்ததும் சிரித்தான். "என்ன, மீன் இன்னும் குளிச்சே முடிக்கலையா?"

"உனக்குன்னு நிக்குதுடா ராசா" என்றாள் அவன் அம்மா.

"எனக்கா? புன்னியா? முள்ளு எடுத்தே நான் கிழவனாயிடுவேன். நான் எப்பக் கேட்டேன்? எனக்கு வேணாம், எல்லாரும் தின்னுங்க."

வால் நுனியில் இருந்த சொட்டு காய்ந்தது. மீனிலிருந்து கொழுப்பு இறங்கி நெருப்பில் சீறியது. புளி மணம் அக்கரைவரை போனது. யாரும் வியக்கவில்லை, நஜாத் தட்டுகளை எடுக்க எழுந்தாள்.

இப்திஹாலும் எழுந்தாள். நான்கு வருடத்தில் அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவாள். இப்போது நேரே போய் அவன் முன்னால் நின்றாள்.

"என்னைக் கேட்டியா?"

"என்னது?"

"மீனை நீ கேக்கலை. சரி. என்னையும் உனக்குன்னுதானே நிறுத்தி வெச்சிருக்காங்க. என்னைக் கேட்டியா?"

"முஹன்னத், வாயைத் திறக்காதே" என்றார் லாசிம்.

முஹன்னத் அப்பாவைப் பார்த்தான், மீனைப் பார்த்தான். மீன் ஓரங்களில் சிவந்துகொண்டிருந்தது. "நீ சம்மதிச்சுட்டேன்னு சொன்னாங்க" என்றான் மெதுவாக. "படிச்ச திமிர்ல என்கூடப் பேசமாட்டேங்கறேன்னு நினைச்சேன்."

"நீ கேட்டு அடம்பிடிச்சேன்னு எங்கிட்ட சொன்னாங்க. என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேக்க உனக்கு நாலு வருஷம் போதலையா?"

"உனக்கு?"

அவள் வலது கன்னத்தைக் கையால் அழுத்தினாள். பல் வலித்தது. "முழுசாச் சொல்லு" என்றாள். "மீனுக்குச் சொன்ன மாதிரி."

லாசிம் பாயிலிருந்து பாதி எழுந்தார். ஜாசிப், தக்கை போன்ற அந்த மனிதர், அண்ணன் தோளில் கையை வைத்தார். அழுத்தவில்லை, வைத்தார். லாசிம் மறுபடி உட்கார்ந்தார்.

"நான் கேக்கலை" என்றான் முஹன்னத். "எனக்கு வேணாம். அவ போகட்டும்."

"போகட்டும்னு நீ சொல்லாதே. நான் போய்க்குவேன்."

மீன் வெந்து இறங்குவதற்குள் அவள் முடி இடுப்புக்கு வந்துவிட்டது. அதில் இரண்டு நரை இருந்தது. நகங்கள் நீண்டு வளைந்து தட்டைப் பிடிக்க முடியாமல் போனதால், நான்கு வருடமாகக் கைப்பையில் சும்மா கிடந்த நகவெட்டியை எடுத்து, துரு உதிர, பத்து விரலையும் வெட்டி ஆற்றில் போட்டாள். குஞ்சு மீன்கள் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போயின. "முடியைக் கட்டிக்கோடி, சோத்துல விழும்" என்றாள் நஜாத். ஞானப்பல் முழுதாக வெளியே வந்திருந்தது. இப்திஹால் மீனின் வயிற்றுப் பகுதியை எடுத்து வலது பக்கத்தில் வைத்து மென்றாள். பெரியப்பாவும் சாப்பிட்டார். எல்லாரையும் விடப் பசி அவருக்குத்தான். வால் பக்கம்தான் மிச்சமிருந்தது.

அன்று மாலை முஹன்னத் கன்றிடமும் போய்ச் சொன்னான். விடியும்போது அது காளையாகி, கயிற்றை அறுத்துக்கொண்டு போயிருந்தது. லாசிம் அதன்பிறகும் பலவற்றை மகனுக்கென்று சொல்லி நிறுத்தத்தான் செய்தார், அந்தப் பழக்கம் விடவில்லை. யார் வீட்டில் எது நின்றாலும் முஹன்னதுக்குப் போன் போட்டார்கள். அவன் கடையில் வேலையைப் பார்த்துக்கொண்டே, எதிர்முனையில் இருப்பது பூசணியா ஆடா என்றுகூடக் கேட்காமல், "எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவான்.

இலையுதிர் காலத்தில் இப்திஹால் பஸ்ரா வேனில் ஏறினாள். பழைய ஓட்டுநர்தான். அவளைக் கண்டதும் பழக்கத்தில் இறங்கி வந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவள் இறங்காமல் கதவை இழுத்துச் சாத்தினாள். அவர் திரும்பப் போய்ச் சாவியைத் திருப்பினார். வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது. கண்ணாடியில் ஒருமுறை அவளைப் பார்த்துவிட்டு, "கதவு சரியாச் சாத்தலைம்மா, இன்னொரு தரம் இழுத்துச் சாத்து" என்றார்.