பதினைந்து வினாடி

மேசை கதவு நிலையில் சிக்கிக்கொண்டது. இந்தப் பக்கம் அவனும் அந்தப் பக்கம் அவன் மனைவியின் அண்ணனுமாகச் சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள். பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி வந்துவிடும். அதற்குள் கூடத்தில் நாற்காலி போட்டாக வேண்டும்.

“இத எப்படி மாப்ள உள்ள கொண்டுவந்தீங்க?”

“எனக்கென்ன தெரியும் மச்சான். உங்க தங்கச்சிதான் கொண்டுவந்தா.”

மச்சான் பஸ் ஓட்டுகிறவர். எந்தச் சந்திலும் வண்டியைத் திருப்பிவிடுவதாகப் பெருமை உண்டு. இந்த மேசையிடம் தோற்றுப்போய், “காலக் கழட்டணும்” என்று கையைத் தட்டிக்கொண்டார்.

அவன் லிப்ட் பழுதுபார்க்கிறவன். ஸ்பேனருக்குப் பஞ்சமில்லை. பையை எடுக்கத் திரும்பியபோது பெரியவள் குறுக்கே வந்து நின்றாள். எட்டு வயது. ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

“மேசைய எடுக்காதீங்க அப்பா.”

அழவில்லை. நேற்றுக் காலை அம்மா போனதிலிருந்து அவள் அழவேயில்லை. வந்தவர்களெல்லாம் அதைப் பற்றித்தான் அவள் காதுபடவே பேசிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று குளிர்காலமாக அந்த மேசைதான் பள்ளிக்கூடம். சின்னவளுக்குக் குளிர்காற்று பட்டால் மூச்சு இழுக்கும். அதனால் பனி கொட்டுகிற நாலு மாதமும் இரண்டு பேரையும் வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்க அவன் மனைவி பள்ளியில் எழுதிக்கொடுத்து அனுமதி வாங்கியிருந்தாள். முன்பு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். அவளுடைய பாடத்திட்டம் ரொம்ப எளிது: அளந்து பார், எழுதி வை. ஜன்னலுக்கு வெளியே எத்தனை டிகிரி, வாளித் தண்ணீரில் ஐஸ் எத்தனை சென்டிமீட்டர், ஒரு கோப்பை டீ ஆறிப்போக எத்தனை நிமிஷம். அந்தக் கடைசிப் பாடத்துக்கு எடுத்துக்கொண்டது அவனுடைய டீயை. மூன்று பேரும் காவல் இருந்து, குடிக்க விடாமல் ஆறவைத்தார்கள்.

இந்தக் குளிர்காலத்தில் அவளே பாடமாகிவிட்டாள். இதயம் பலவீனம் என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள். மாத்திரை போடுமுன் நாடி பார்க்க வேண்டும். அறுபதுக்குக் கீழே இருந்தால் மாத்திரை கிடையாது, உடனே அப்பாவுக்குப் போன். பதினைந்து வினாடி எண்ணு, நாலால் பெருக்கு என்று பெரியவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். “கணக்கும் ஆச்சு, வைத்தியமும் ஆச்சு” என்று சிரித்தாள். இதையெல்லாம் சின்னப் பிள்ளையிடம் விடலாமா என்று அவனுக்கு ஒருநாள் தோன்றத்தான் செய்தது. சொல்லவில்லை. ஆறரைக்கே வேலைக்குக் கிளம்புகிறவனுக்கு அது வசதியாக இருந்தது.

மேசையை இறக்கி வைக்கும்போது இழுப்பறை வழுக்கி நோட்டுகள் தரையில் விழுந்தன. பெரியவள் பாய்ந்து ஒன்றை மட்டும் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“குடு, பார்ப்போம்.”

“வேண்டாம்.”

“குடுடா கண்ணு.”

நேற்றைய பக்கத்தைப் பிரித்தான். 8.35. 13 × 4 = 62. அடுத்த வரி, 8.40, மாத்திரை கொடுத்தாச்சு. பக்கத்தில் சிவப்புப் பேனாவில் சரி என்ற குறி, கோணலாக. அதற்கும் கீழே ஒரு வரி. 8.55, கிடைக்கவில்லை.

அவன் மனதுக்குள் மறுபடி பெருக்கிப் பார்த்தான்; ஐம்பத்திரண்டுதான் வந்தது.

“தப்ப எப்பம்மா பார்த்த?”

“நேத்து மத்தியானம். எல்லாரும் வந்தப்புறம். அம்பத்திரெண்டு வரணும்ப்பா. நான் தப்பாப் போட்டுட்டேன். மாத்திரை கொடுத்திருக்கக் கூடாது.”

“அம்மாவே சரி போட்டிருக்காங்களே.”

“அம்மா கையில பேனா நிக்கல. நான்தான் கையப் புடிச்சுப் போட்டேன்.”

மச்சான் அருகில் வந்து அவள் தலையைத் தடவினார். “ஆறிலும் சாவு, நூறிலும் சாவு. நீ சின்னப் புள்ள, மனசப் போட்டுக் குழப்பிக்காத.”

அவள் மாமாவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். அளந்து பார்க்காமல் யார் எதைச் சொன்னாலும் அந்த வீட்டில் செல்லுபடியாகாது. ஆறுதல் சொன்னால் ஏற்கமாட்டாள் என்பது அவனுக்குத் தெரிந்தது. இன்றைக்கு இதைச் சரிசெய்யாவிட்டால் ஆயுசுக்கும் இந்தக் கணக்கைச் சுமப்பாள் என்பதும் தெரிந்தது. அவனுக்குப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த நர்ஸ், இரவல் கொடுத்த ஆக்சிஜன் மெஷினின் குழாயை உள்ளறையில் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டான்.

“சிஸ்டர், இதக் கொஞ்சம் பாருங்க. உள்ளதச் சொல்லுங்க.”

நர்ஸ் நோட்டை வாங்கி நின்றபடியே படித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டுப் பெரியவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“எட்டு நாப்பதிலேர்ந்து எட்டு அம்பத்தஞ்சு. எத்தன நிமிஷம்?”

“பதினஞ்சு.”

“அந்த மாத்திரை வயித்துல கரைஞ்சு, ரத்தத்துல கலந்து, இதயத்துல வேலைய ஆரம்பிக்கவே அரை மணி நேரமாவது ஆகும். சில பேருக்கு ரெண்டு மணி நேரம். அது இன்னும் ஆரம்பிக்கவே இல்லம்மா.”

“நிச்சயமா?”

“நிச்சயமா. நீ எண்ணும்போதே இதயம் ஓஞ்சுகிட்டு இருந்துச்சு. அதனாலதான் பதிமூணு.”

பெரியவள் விரலால் அந்த வரிகளை மேலிருந்து கீழாகத் தடவினாள். மாத்திரைக் கணக்கு தீர்ந்தது போலத்தான் இருந்தது.

“ஆனா அறுபதுக்குக் கீழன்னா அப்பாக்குப் போன் பண்ணணும்,” என்றாள். “நான் பண்ணல. பண்ணியிருந்தா அப்பா வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க.”

நர்ஸ் அவனைப் பார்த்தாள். பதில் அவனிடம் இருந்தது. நேற்று எதிர்வீட்டு அம்மா அவனைப் போனில் பதினோரு தடவை கூப்பிட்டிருந்தாள். அவன் பார்த்தது பத்தே காலுக்கு. டவர் கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தான். எல்லோரும் நம்பிவிட்டார்கள். இனி யாரும் கேட்கப்போவதுமில்லை.

மச்சான் கதவருகே நின்றிருந்தார். அவர் போய்விட்டபின் தனியாகச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தான்.

“நீ பண்ணியிருந்தாலும் நான் எடுத்திருக்க மாட்டேன்,” என்றான்.

“டவர் இல்லையா?”

“டவர் இருந்துச்சு. நான் லிப்ட் குழிக்குள்ள இருந்தேன். போன் மேல பையில கெடந்துச்சு. சத்தத்த நான்தான் அணைச்சு வெச்சிருந்தேன்.”

“ஏன்?”

“போன வாரம் அம்மா ரெண்டு மூணு தடவ கூப்பிட்டாங்க. வேல கெடுதுன்னு எனக்குக் கோவம். அதுலேர்ந்து காலையில அணைச்சுதான் வெப்பேன். டவர் இல்லன்னு சொன்னது பொய்.”

மச்சான் தரையில் கிடந்த நோட்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். நர்ஸ் எழுந்து உள்ளே போனாள். மெஷினைப் பெட்டியில் வைத்து மூடும் சத்தம் கேட்டது.

பெரியவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவள் பென்சிலை எடுத்து 62ஐ ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் 52 என்று எழுதினாள். அழிக்கக்கூடாது, அடித்துத்தான் எழுத வேண்டும் என்பது அம்மா போட்ட சட்டம்.

வெளியே அம்மாவைக் கொண்டுவந்த வண்டி நின்று ஹாரன் அடித்தது. சின்னவள் ஒரு கால் செருப்போடு ஓடிவந்து, “வந்தாச்சு, வந்தாச்சு” என்றாள்.

“கையக் கொடுங்க,” என்றாள் பெரியவள்.

நீட்டினான். மணிக்கட்டில் குளிர்ந்த மூன்று விரல்களை வைத்து அழுத்தி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உதடு மட்டும் அசைய எண்ணத் தொடங்கினாள். பதினைந்தாவது வினாடி வந்தது. அவள் நிறுத்தவில்லை. முப்பது ஆனது. எண்ணிக்கொண்டேயிருந்தாள். கண் நிறைந்து வழிந்தது, துடைத்துக்கொள்ள இன்னொரு கை இருந்தும் துடைக்கவில்லை.

மறுபடி ஹாரன் கேட்டது. மச்சான் வெளியே போய், ஒரு நிமிஷம் பொறுக்கச் சொன்னார்.