பதின்மூன்றாவது பெயர்

எருசலேம் யாத்திரைக்கு முதலில் பெயர் கொடுத்தவள் நான். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்று நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போதகர் ஐயா அறிவிப்பை வாசித்து வாய் மூடுவதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன். ஆண்கள் பக்கத்தில் யாரோ இருமினார்கள். இருமட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் பெயர் ஞானப்பூ. ஜார்ஜ் டவுனில் எங்கள் சபை நடத்தும் பள்ளி விடுதியில் பதினெட்டு வருஷமாகச் சமையல். அறுபது பிள்ளைகள் மூன்று வேளையும் என் கைச்சோறுதான் சாப்பிட்டார்கள். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், குழந்தை இல்லை. ஆண்டவர் நடந்த மண்ணை ஒரு தடவை மிதித்துவிட வேண்டும் என்றுதான் சம்பளத்தில் மிச்சம் பிடித்தேன். யாரிடமும் கை நீட்டவில்லை. பாஸ்போர்ட்டையும் எல்லோருக்கும் முன்னால் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் சபைச் செயலாளர் மாசிலாமணி ஐயா கூப்பிட்டனுப்பினார். துறைமுகத்தில் தலைமை எழுத்தர் அவர். எவ்வளவு வெயில் அடித்தாலும் கோட்டு போடாமல் கோயிலுக்கு வரமாட்டார்.

"பன்னிரண்டு பேர்தான் போறதுன்னு முடிவாச்சு ஞானப்பூ. ஆண்டவரோட சீஷர் பன்னிரண்டு பேர் மாதிரி. ஆளுக்கு ஒரு சீஷர் பேர்ல பேட்ஜ்கூட தைக்கக் கொடுத்தாச்சு. ஆனா பதின்மூணு பேர் வந்துட்டாங்க."

"அப்ப காட்டிக்கொடுத்த யூதாஸ் பேட்ஜை யாரு ஐயா குத்திக்கப் போறாங்க?"

"வேதத்துல உள்ளபடி அவன் இடத்துல மத்தியாவைப் போட்டாச்சு" என்றார்.

மனுஷன் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். பதின்மூன்று பேரில் என் பெயரை ஏன் அடித்தார் என்பதற்கு மட்டும் பதில் இல்லை. எனக்குத் தெரியாதா என்ன? மற்றவர்கள் எல்லாம் எழுத்தர், ஆசிரியர், கம்பவுண்டர், அவர்களுடைய மனைவிமார். கரண்டி பிடிக்கிறவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெத்லகேமைப் பார்க்க அவர்களுக்கு மனசு வரவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். பாதி துக்கம், பாதி கோபம்.

அதற்குப் பிறகு கோயிலில் யாத்திரைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை. சுவரில் கலிலேயா வரைபடம் மாட்டினார்கள். யோர்தான் கரையில் பாட வேண்டிய பாட்டுகளைப் பன்னிரண்டு பேரும் புதன்கிழமைதோறும் பழகினார்கள். அங்கே குளிருமாம், கம்பளிக் கோட்டு தைத்துக்கொண்டார்கள். அந்தப் பாட்டுகளை விடுதி அடுப்படியில் நானும் பாடிக்கொண்டேன். அதற்குப் பட்டியல் தேவையில்லை அல்லவா?

இங்கேதான் மாசிலாமணி ஐயா கோட்டைவிட்டார். ஈஸ்டருக்கு எருசலேமில் இருக்க வேண்டும் என்று பிப்ரவரி கடைசியில் கப்பல் பிடித்திருந்தார். ஈஸ்டரைப் பார்த்தவர் அதற்கு முந்தைய நாற்பது நாளைப் பார்க்கவில்லை. பயணம் முழுக்க லெந்து என்ற தவக்காலம். லெந்தில் எங்கள் சபையார் வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் அடுப்பேறாது. கப்பலிலோ சூப்பைக்கூட எலும்பு போட்டுத்தான் காய்ச்சுவார்கள். ஏஜெண்டிடம் போய்க் கேட்டதற்கு, கீழ்த்தளத்தில் ஓர் அடுப்பு தருகிறோம், சமைக்க ஆளை நீங்களே கூட்டி வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

நாமே சமைத்துக்கொள்ளலாம் என்று கிளம்பினார்கள். ஒரு சனிக்கிழமை காலை கோயில் வளாகத்தில் ஒத்திகை. காஜா மொய்தீன் மளிகைக் கடையிலிருந்து பருப்பும் புளியும் வந்தன. கோட்டைக் கழற்றிவிட்டு மாசிலாமணி ஐயாவே அடுப்பு மூட்டினார். விடுதிச் சன்னலில் நின்று நான் எல்லாவற்றையும் பார்த்தேன். ஆண்களுக்கு அடுப்பங்கரைப் பக்கம் போன பழக்கமே இல்லை. மனைவிமாரும் வீட்டில் ஆள் வைத்துச் சமைக்கிறவர்கள். பானைச் சோறு அடியில் கரி, மேலே அரிசி. ரசத்தை வாயில் வைத்த கம்பவுண்டர் வேதமுத்து விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார். பொய் சொல்ல மாட்டேன், வயிறு வலிக்கச் சிரித்தேன்.

திங்கட்கிழமை போதகர் ஐயாவைக் கூட்டிக்கொண்டு மாசிலாமணி ஐயா என் அடுப்படிக்கே வந்துவிட்டார்.

"கர்த்தர் உனக்கு ஒரு வழி திறந்திருக்காரு ஞானப்பூ. சமையலுக்கு நீ வா. டிக்கெட் சபைச் செலவு. உன் காசு உன்கிட்டயே இருக்கட்டும்."

"பட்டியல்ல என் பேரு இருக்குமா?"

"பட்டியல் யாத்திரைக்காரங்களுக்கு. நீ கூட வர்ற ஆளு. எப்படியும் எருசலேமைப் பார்க்கப் போறேல்ல, அப்புறம் என்ன?"

சரி என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எத்தனை வருஷத்து ஆசை. இதை விட்டால் எனக்கு இன்னொரு கப்பல் வராது. கரண்டியைக் கீழே வைத்தேன்.

"கூட வர்ற ஆளா நான் வரமாட்டேன் ஐயா. என் டிக்கெட்டுக்கு நானே கட்டுறேன். பேரை எழுதுங்க, நாற்பது நாளும் பொங்கிப் போடுறேன். எழுதலைன்னா வேற ஆளைப் பாருங்க."

"எழுதினா பதின்மூணு ஆயிரும். சீஷர் பன்னிரண்டு பேர்தானே?"

"சரிதான். அந்த சீஷருங்க ராத்திரி பூரா வலை போட்டுட்டுப் பசியோட கரைக்கு வந்தாங்களே, அப்ப கரையில கரி நெருப்புப் போட்டு, மீன் சுட்டு வச்சுக்கிட்டு, வந்து சாப்பிடுங்கன்னு கூப்பிட்டது யாரு?"

மாசிலாமணி ஐயா போதகரைப் பார்த்தார். போதகர் ஐயா என் அடுப்பைப் பார்த்தார்.

"ஆண்டவரும்மா" என்றார் மெதுவாக.

"சமைச்சவரையும் சேர்த்து எண்ணுங்க ஐயா. எத்தனை பேரு வருதுன்னு பாருங்க."

இருவரும் போய்விட்டார்கள். இரண்டு வாரம் ஒரு தகவலும் இல்லை. வாய்க்கொழுப்பால் எருசலேமை இழந்துவிட்டேனோ என்று பயமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னதற்காக வருத்தப்படவில்லை.

பயணத்துக்கு முந்தைய ஞாயிறு, யாத்திரைக்காரர்களுக்காகச் சபை ஜெபிக்கும் ஆராதனை. மாசிலாமணி ஐயா பட்டியலை வாசிக்க, பெயர் வந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒவ்வொரு பெயரோடும் உத்தியோகத்தையும் சேர்த்து வாசித்தார். மனைவிமாருக்குக்கூடக் கணவர் உத்தியோகத்தைச் சொன்னார். பன்னிரண்டு பெயர் முடிந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஞானப்பூ அம்மாள்" என்றார்.

இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து எனக்கு வந்த முதல் 'அம்மாள்' அது. எழுந்து நின்றேன். சந்தோஷக் கண்ணீர் கண்ணை மறைத்தது. அவர் தாளை மடிக்கத் தொடங்கினார். என் தொழிலை மட்டும் வாசிக்கவில்லை. மரியாதை கருதித்தான் விட்டிருக்கிறார், எனக்குப் புரிந்தது. ஆனாலும் சுருக்கென்றது.

"ஐயா, என் தொழிலை விட்டுட்டீங்க" என்றேன்.

கோயிலே திரும்பிப் பார்த்தது. மாசிலாமணி ஐயா தாளும் கையுமாக நின்றார்.

"சமையல்காரி" என்றேன்.

அவர் தாளை விரித்து, பையிலிருந்து பேனாவை எடுத்து எழுதினார். பிறகு கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"ஞானப்பூ அம்மாள், சமையல்காரி."