இறாலுக்குச் சுண்ணாம்பு

விடிவதற்குள்ளேயே அழுகிய முட்டை நாற்றம் மூக்கில் ஏறிவிட்டது. எண்பதுகளின் கடைசியில் மலாய் நாட்டின் பாலிக் புலாவ் கடலோரத்து அலையாத்தி மரங்களை வெட்டிச் சாய்த்து இறால் குளம் தோண்டினார்கள். முழங்கால்வரை கருஞ்சேற்றில் இறங்கி, அறுபட்ட வேர்களை இழுத்துக் கரையில் போடுவது பெண்களின் வேலை. மரம் நின்றவரை அந்தச் சேறு நண்டையும் மீனையும் வளர்த்தது. வாரி வெயிலில் போட்டதும் மஞ்சள் பூத்தது. மழை பட்டதும் துருப்பிடித்த சிவப்பாய் வழிந்து குளத்தில் இறங்கியது.

வடிவம்மாள் தடுமாறிக் கரையில் உட்கார்ந்தாள். கால் விரலிடுக்கில் தோல் வெந்து உரிந்து சீழ் வடிந்தது.

"அக்கா, இந்தக் காலோட இறங்காதீங்க," என்றாள் நவமணி.

"இறங்கலேன்னா வேலை போயிடும். கொட்டாயையும் காலி பண்ணச் சொல்வாரு. அப்புறம் எங்கடி படுக்கிறது?"

"சொறிதான், காலைக் கழுவுங்கன்னாரே முதலாளி?"

"தினமும் கழுவுறேன். அந்தச் சிவப்புத் தண்ணியிலதான். வேற தண்ணி ஏது?"

சுண்ணாம்பு மூட்டைகளோடு லாரி வந்து நின்றது. பின்னாலேயே காரில் வந்த முதலாளி சிவகுருநாதன், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார்.

"சீக்கிரம் குளத்துல கொட்டுங்க. சாயங்காலம் இறால் குஞ்சு வருது."

"சுண்ணாம்பு எதுக்கு முதலாளி?" நவமணி கேட்டாள்.

"இந்த மண்ணோட குணம் அப்படிலா. வேரும் தண்ணியும் மூடியிருந்தா சும்மா கிடக்கும். தோண்டிக் காத்து பட்டுச்சோ, ஆசிட் ஆயிடும். குஞ்சு ஒரு ராத்திரி தாங்காது."

"ஆசிட்டா?" வேரை இழுத்துக்கொண்டிருந்த மலாய்ப் பெண் காமாரியா அப்படியே நின்றாள்.

"அப்ப இது சொறி இல்ல," என்றாள் நவமணி. "தெரிஞ்சேதான் எங்கள இறக்கி விட்டீங்க."

"என்னம்மா பேச்சு இது? இறாலும் நீங்களும் ஒண்ணா? இறாலைக் காசு குடுத்துல்ல வாங்கியிருக்கேன்."

"நாங்க ஓசி!" என்றாள் நவமணி.

வடிவம்மாள் காலைத் தூக்கி அவர் முன் நீட்டினாள். அவர் முகத்தைச் சுளித்துக் காறித் துப்பினார்.

"ச்சீ! காலை எடும்மா!"

"ஏன், நீங்க செஞ்ச கால்தானே? நல்லாப் பாருங்க."

காமாரியா சேற்றுக் காலோடு லாரியில் ஏறி மூட்டை மேல் உட்கார்ந்தாள். "பூட்ஸ் வரணும். அக்காவுக்கு டாக்டர் பார்க்கணும். அதுவரைக்கும் சுண்ணாம்பு இறங்காது. தாக் போலே, முடியாது!"

நவமணியும் மற்றப் பெண்களும் ஏறினார்கள். வடிவம்மாளைக் கைதாங்கி மேலே இழுத்தார்கள்.

"அய்யாக்கண்ணு! லாரிய எடு!"

டிரைவர் அய்யாக்கண்ணு சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "மேல அக்காமாருங்க இருக்காங்க முதலாளி. எப்படி எடுக்கிறது?"

"எல்லாரும் இன்னைக்கே கொட்டாயைக் காலி பண்ணுங்க! போலீஸ் வரும்!"

"வரட்டும்," என்றாள் காமாரியா. "அவங்களாவது பூட்ஸ் போட்டிருப்பாங்க. எப்படி இருக்கும்னு பார்த்துக்கலாம்."

பெண்கள் வெடித்துச் சிரித்தார்கள். முதலாளியின் கார் புழுதி கிளப்பிப் போனது. போலீஸைக் கூட்டி வரவா, டாக்டரைக் கூட்டி வரவா, யாருக்கும் தெரியாது.

அடுத்த குளத்தில் மண் வெட்டிய ஆண்கள் வெந்த கால்களோடு ஒவ்வொருவராய்க் கரையேறி லாரியை நோக்கி வந்தார்கள். முன்னால் வந்த முனுசாமி பின்பலகையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான்.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்க அக்கா. நாங்களும் ஏறணும்."