மார்ச்சில் போட்ட கோடுகள்

வரைபடத்தில் எங்கள் ஊர் அழகாகத்தான் இருக்கும். எல்லாம் ஓஸ்மோவின் கைவண்ணம். நகராட்சியில் அவனுக்கும் எனக்கும் பதினெட்டு வருடமாக எதிரெதிர் மேசை. முதியவர்களுக்குச் சாப்பாட்டுக்கூடம் எங்கே, கைக்குழந்தைக்காரர்கள் கூடுகிற விளையாட்டுக்கூடம் எங்கே என்று கணினித் திரையில் புள்ளி வைத்துச் சொல்வது எங்கள் வேலை. ஓஸ்மோவிடம் ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. ஜனங்கள் தங்கள் கையால் வரைந்த கோட்டில் யாரும் கை வைக்கக் கூடாது என்பான். அதற்காகவே எனக்கு அவனைப் பிடிக்கும்.

இந்த வருடம் இணையத்தில் கேள்வியைப் போட்டது நான். தினமும் எந்த வழியாகப் போகிறீர்கள், வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டுங்கள் என்று கேட்டேன். அது மார்ச் மாதம். ஹௌகினியெமி கரைக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் ஏரியின் குறுக்கே நேராக எதிர்க்கரைக்குக் கோடு இழுத்திருந்தார்கள். நானும் அந்தக் கரைதான். நானும் இழுத்தேன்.

மென்பொருள் கூட்டிக் கழித்துப் பார்த்தது. எங்கள் கரை விளையாட்டுக்கூடத்திலிருந்து எதிர்க்கரைக் கூடத்துக்கு அறுநூறு மீட்டர். இவ்வளவு பக்கத்தில் இரண்டு எதற்கு, எங்களுடையதை மூடலாம் என்றது. ஓஸ்மோ அதை அப்படியே நகராட்சியில் முடிவெடுக்கிற குழுவுக்கு எழுதினான். நான் சரிபார்த்துக் கையெழுத்தும் போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், துளிகூட உறுத்தவில்லை. மார்ச்சில் எங்களுக்கு ஏரி என்றால் தெரு.

மே முதல் வாரம் யூஸோ ஃபோன் செய்தான். என் பக்கத்து வீட்டுக்காரன். ஹில்லா, சைமி என்ற இரட்டைப் பெண் குழந்தைகளை வீட்டிலிருந்து பார்த்துக்கொள்கிறான். மனைவிக்கு வேறு ஊரில் வேலை, வெள்ளிக்கிழமைதான் வருவாள். அதுவரை அவன் நாலு பேரோடு பேசுகிற ஒரே இடம் அந்தக் கூடம்.

"கூடத்த மூடப்போறீங்களாமே அக்கா? புதன்கிழமை ஓட்டெடுப்பாம்."

"எதிர்க்கரையில இருக்கே யூஸோ. அறுநூறு மீட்டர்தானே?"

"கொஞ்சம் ஜன்னல் வழியா எட்டிப் பாருங்களேன்."

எட்டிப் பார்த்தேன். குளிர்காலம் பூரா நாங்கள் நடந்து கடந்த ஐஸ் உருகி, ஏரி முழுக்கத் தண்ணீர். வாத்து நீந்திக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஓஸ்மோவைக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். யூஸோ தள்ளுவண்டியோடு நின்றான்.

"இங்க பாதை இருக்குன்னு நீங்கதானே கோடு போட்டீங்க?" ஓஸ்மோ விடவில்லை.

"இருந்துச்சு. போன வாரம் வரைக்கும்."

ஓஸ்மோ என் பக்கம் திரும்பினான். "நீயும் ஐஸ் மேலதான் போட்டியா?"

"போட்டேன். மார்ச்ல கேட்டதும் நான்தான். தப்பு என்னோடது."

அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை. தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்தான். "சுத்திப் போனா எவ்வளவு நேரம்னு பாத்துடுவோம். வண்டியக் குடுங்க."

சேறும் ஜல்லியுமாக ஏழு கிலோமீட்டர். பாதி வழியில் ஹில்லா செருப்பைக் கழற்றி எறிந்தாள். சைமி வீறிட்டு அழுதாள். பாட்டு எதுவும் தெரியாத ஓஸ்மோ, ஊரின் தெருப்பெயர்களை அகரவரிசையில் ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே தள்ளினான். அவள் அடங்கினாள். பதினெட்டு வருடம் பழகியும் அவனிடம் இப்படி ஒரு மனிதன் இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது.

எதிர்க்கரைக் கூடத்தை நாங்கள் அடைந்தபோது மணி பன்னிரண்டு பத்து. பூட்டியிருந்தது. காலையில் கூடம் பன்னிரண்டு மணி வரைக்கும்தான்.

ஓஸ்மோ படியில் உட்கார்ந்து ஷூவிலிருந்து தண்ணீரைக் கொட்டினான். பிறகு குழுத் தலைவியைக் கூப்பிட்டான். "அந்த ஹௌகினியெமி விஷயத்த நான் திரும்ப எடுத்துக்கறேன். ஆமா, கூடம் அங்கேயே இருக்கட்டும். கணக்கு தப்பு. எப்படித் தெரியுமா? நடந்து பாத்தேன்."

யூஸோ முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டான். "மூடிட்டா வாரம் பூரா யார்கிட்ட பேசறதுன்னு பயந்துட்டேன்," என்றான்.

ஓஸ்மோ படியில் சற்று நகர்ந்து இடம் விட்டான்.

"உக்காருப்பா," என்றான். "இப்ப பேசு."